மீன் தொட்டியின் உயரமும் அகலமும்

திருவட்டாற்றுக்கு அருகே, பறளியாற்றின் மேலாக ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்குப் பாசன நீரைக் கொண்டு சேர்க்கும் மாத்தூர்த் தொட்டிப் பாலத்தைக் காண வருகிறவர்கள், ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்த்து, அதன் 115 அடி உயரத்தை வியந்துவிட்டுத் திரும்புகிறார்கள். 1966-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அப்பாலத்தின் 28 தூண்களும், கால்வாயில் நீர் ஓடும் நாட்களில் எவ்வளவு பாரத்தைத் தாங்கி நிற்கின்றன என்று கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் சிலரே. தொட்டியின் அகலம் ஏழரை அடி, ஆழம் ஏழடி, ஒரு கன அடி நீரின் எடை 28 கிலோவுக்குச் சற்று மேல், எனவே விளிம்பு வரையில் நீர் நிறைந்திருப்பதாகக் கொண்டால், பாலத்தின் ஒவ்வோர் அடி நீளத்திலும் ஏறத்தாழ ஒன்றரை டன் ஜலம் தங்கியிருக்கிறது. உள்ளங்கையில் அள்ளும்போது ஒரு பாரமாகவே தோன்றாத இந்தத் திரவம், ஒரு கலத்தில் தேங்கி நிற்கத் தொடங்கியதும், கருங்கல் சுமைக்கு ஈடாக வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

வீட்டுக் கூடத்தில் அழகுக்காக வைக்கும் மீன் தொட்டிக்கும் இதே கணக்குத்தான். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ வண்ணமீன் கடைக்குள் நுழைகிறவர், முதலில் மீனின் நிறத்தைப் பார்க்கிறார். பிறகு தொட்டியின் வடிவத்தைப் பார்க்கிறார். அதன் பிறகு விலையைக் கேட்கிறார். தொட்டி நிறைந்தால் என்ன எடை இருக்கும், எதன்மேல் வைக்க வேண்டும், அதில் எத்தனை ஜீவன்கள் சுகமாக வாழ முடியும் என்ற மூன்று வினாக்களும் பெரும்பாலும் வீடு வந்து சேர்ந்த பிறகே எழுகின்றன. சில வீடுகளில் மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கிய பிறகே எழுகின்றன. இம்மூன்று வினாக்களுக்கும் விடை தொட்டியின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தில் அடங்கியிருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

எடையிலிருந்து தொடங்குவோம். கடைகளில் மிகுதியாக விற்பனையாவது இரண்டடித் தொட்டி. அதாவது 60 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், அதே அளவு உயரமும் உடையது. மூன்றையும் பெருக்கினால் 54,000 கன சென்டிமீட்டர். அதாவது 54 லிட்டர். மேலே சிறிது இடம் விட்டு, அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கூழாங்கல் பரப்பினால், உள்ளே நிற்கும் நீர் 43 லிட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். எனவே அதன் எடை 43 கிலோ. ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடியால் செய்த வெறும் தொட்டி ஒன்பது கிலோ. கூழாங்கல் பதினான்கு கிலோ. ஆக, மூடியும் விளக்கும் நீங்கலாகவே 66 கிலோ. ஒரு வளர்ந்த மனிதன் இரவும் பகலும் இறங்காமல் மேசைமேல் உட்கார்ந்திருப்பதற்கு இது சமம்.

மணலைப் பற்றி இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சி, முட்டம் பகுதிகளின் கருமணல் பார்வைக்கு அழகாயிருப்பதால் அதைத் தொட்டியில் பரப்பலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். சாதாரண ஆற்று மணலின் ஆதாரமான குவார்ட்ஸ், தன் கன அளவுள்ள நீரைப்போல் 2.65 மடங்கு எடையுள்ளது. கருமணலில் உள்ள இல்மனைட்டோ நான்கரை மடங்கைத் தாண்டுகிறது. ஆகையால் ஒரே அளவு குவித்தாலும் கருமணலின் பாரம் ஒன்றரை மடங்குக்கு மேலாகும். அதோடு, அக்கடற்கரை மணலில் தோரியம் அடங்கிய மோனசைட்டும் கலந்திருக்கிறது. அம்மணல் அங்கேயே இருப்பதுதான் முறை. கடற்கரை மணலில் பொடிந்து கிடக்கும் சிப்பித் துணுக்குகள் வேறொரு கேட்டையும் செய்யும். அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

தொட்டி நிற்கும் தரையைப் பொறுத்தவரையில், நீரின் ஆழமே பாரத்தின் அளவுகோல். 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீர், தான் நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் இடத்தையும் 300 கிலோ எடையால் அழுத்துகிறது; 60 சென்டிமீட்டர் ஆழமானால் 600 கிலோ. குடியிருப்பு வீடுகளின் தளத்துக்குச் சதுர மீட்டர் ஒன்றுக்குச் சுமார் 200 கிலோ என்று நம் நாட்டுக் கட்டுமானத் தரவிதி கணக்கிடுகிறது. தொட்டி அடைத்துக்கொள்ளும் இடம் சிறியதாகவும், அதைச் சுற்றியுள்ள தளம் வெறுமையாகவும் இருப்பதால், கான்கிரீட் தளம் இரண்டடித் தொட்டியைப் பொருட்படுத்தாது. நான்கடித் தொட்டியின் விஷயம் வேறு. அதைச் சுவரை ஒட்டியோ, கீழே உத்தரம் ஓடும் இடத்திலோ வைப்பதே விவேகம். பழைய நாஞ்சில்நாட்டு வீடுகளின் மர மச்சுகளில் பெரிய தொட்டியை ஏற்றவே கூடாது. தேக்கும் பலாவும் எவ்வளவு உறுதியானவையாயினும், இடையறாத பாரத்தின் கீழ் மரம் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகத் தொய்யும். தொய்ந்தால் தொட்டியின் ஒரு மூலை இறங்கும். மூலை இறங்கினால் கண்ணாடி முறுக்கிக்கொண்டு விரியும்.

அனுபவமுள்ள தொட்டிக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். அவர்கள் மேசைமேல் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்து, குமிழி நடுவில் நின்ற பிறகே, அரை அங்குலத் தெர்மாகோல் அட்டையை விரித்து, அதன்மேல் தொட்டியை இறக்குவார்கள். அடிக்கண்ணாடியின் கீழ் ஒரு மணற்பருக்கை அகப்பட்டுக்கொண்டாலும், அந்த ஒரு புள்ளியில் அழுத்தம் குவிந்து கண்ணாடி கீறிவிடும் ஆகையால், பருக்கையைத் தன்னுள் புதைத்துக்கொள்ளும் மென்மை அட்டைக்கு வேண்டும். ஒரு முறை நீர் நிரப்பிய தொட்டியை, அது எவ்வளவு சிறியதாயினும், இருவராகப் பிடித்து நகர்த்துவதும் ஆகாது. நீர் ஒரு பக்கம் சாயும்போது சிலிக்கான் பசை ஒட்டியுள்ள மூலைகளே அந்த வேகத்தையெல்லாம் ஏற்க நேரிடும்.

இனி, பக்கக் கண்ணாடிகள் படும் பாட்டைக் கவனிப்போம். நீரின் அழுத்தம் அதன் அளவைப் பொறுத்ததன்று, ஆழத்தையே பொறுத்தது என்பதைப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சைமன் ஸ்டெவின் என்ற பிளெமிஷ் அறிஞர் நிறுவினார். ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் வீதம் அழுத்தம் ஏறுகிறது. மேல் விளிம்பில் ஒன்றுமில்லை. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் முப்பது கிராம். சராசரியாகப் பதினைந்து கிராம். இரண்டடித் தொட்டியின் முன்கண்ணாடியின் பரப்பு 1,800 சதுர சென்டிமீட்டர் ஆதலால், அதை வெளியே தள்ளும் மொத்த விசை 27 கிலோ எடைக்குச் சமம். அதே நீள அகலத்தில் உயரத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால், சராசரி அழுத்தமும் இரட்டிக்கிறது, கண்ணாடியின் பரப்பும் இரட்டிக்கிறது. விசை நான்கு மடங்காகி 108 கிலோவை எட்டுகிறது. இரண்டடி உயரத் தொட்டிகளுக்கு 10, 12 மில்லிமீட்டர் கண்ணாடி கேட்பது வியாபாரியின் பேராசை அன்று. பௌதிக சாஸ்திரத்தின் கட்டளை.

இவ்வளவு பாரத்தையும் செலவையும் ஏற்று உயரத்தைக் கூட்டியதனால் மீனுக்கு என்ன கிடைத்தது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதைப் புரிந்துகொள்ள மீன் எப்படிச் சுவாசிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மீன் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் ஒரு லிட்டருக்கு 270 மில்லிகிராம் அளவு பிராணவாயு இருக்கிறது; 25 பாகை வெப்பமுள்ள நன்னீரிலோ, முழுக்க நிறைவுற்ற நிலையிலும் எட்டேகால் மில்லிகிராம்தான். வெப்பம் ஏற ஏற அதுவும் குறையும். சித்திரை மாதத்தில் நம் வீட்டுத் தொட்டி நீர் 30 பாகையைத் தொடும்போது ஏழரை மில்லிகிராம் நிற்கும். வெப்பத்தால் மீனின் உடற்செயல்கள் விரைவடைந்து, அதற்குப் பிராணவாயு மிகுதியாக வேண்டியிருக்கும் அதே வேளையில்தான் இருப்பும் குறைகிறது. இந்தச் சொற்ப வாயுவும் நீருக்குள் வந்து சேரும் பெருவழி ஒன்றே ஒன்று: காற்றும் நீரும் சந்திக்கும் மேற்பரப்பு. அசையாத நீரில் வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பதினாயிரம் மடங்கு குறைவு. ஆகவே உயரமான குறுகிய தொட்டியில், மேலே விரலளவு நீர் செழிப்பாகவும் அடிநீர் வறுமையாகவும் கிடக்கும். ஏர் பம்ப் விடும் குமிழிகளின் முதன்மையான தொண்டு, அடிநீரை மேலே இழுத்து வந்து மேற்பரப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது. குமிழி மேலேறும் சில வினாடிகளில் நேரடியாகக் கரையும் வாயு அதற்கு அடுத்தபடிதான். மின்சாரம் நின்ற இரவில் இத்தொண்டும் நின்றுவிடுகிறது.

மீன்கள் நெருக்கடியில் இருப்பதை அறிய ஒரு கருவியும் வேண்டியதில்லை. விடியுமுன் விளக்கைப் போடாமல் தொட்டியருகே சென்று பார்த்தால் போதும். நீர்ப்பூண்டுகள் பகலில் பிராணவாயுவை வெளியிட்டாலும், இரவில் மீனைப்போலவே தாமும் அதை உட்கொள்கின்றன ஆதலால், இருப்பு மிகக் குறையும் நேரம் விடியற்காலமே. அப்போது மீன்கள் தலையை மேலும் வாலைக் கீழுமாகச் சாய்த்து, உதடுகள் நீர்மட்டத்தைத் தொட்டுத் தொட்டு விலக, செவுள் மூடிகள் வேகமாக விரிந்து சுருங்க நிற்கும். இதைக் கண்டு மீன்கள் பசியால் வாய் திறக்கின்றன என்று எண்ணி இரை தூவுகிறவர்கள் உண்டு. அது எரிகிற வீட்டுக்குள் இன்னும் ஒருவரைத் தள்ளுவதற்குச் சமானமான உபகாரம்.

நீரில் கரைந்த வாயுவையே மீன் சுவாசிக்கும் என்ற விதிக்கு விலக்கான ஜாதிகளும் உண்டு. 1791-இல் தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் அதிகாரியாயிருந்த டால்டார்ஃப் என்பவர், நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் ஒரு பனைமரத்தில் மீன் ஒன்றைப் பிடித்ததாக எழுதியதிலிருந்து உலகப் பிரசித்தி பெற்ற பனையேறிக் கெண்டை, செவுளுக்கு மேலுள்ள மடிப்புகள் நிறைந்த ஓர் உறுப்பால் காற்றையே நேரடியாகச் சுவாசிக்கிறது. அது பனையேறுமா என்பது விவாதத்துக்குரியது. காற்றைச் சுவாசிப்பது பிரத்தியட்சம். ஃபைட்டர் என்றும் குராமி என்றும் கடைகளில் விற்கப்படுபவை அதன் தாயாதிகள். கண்ணாடிக் குவளையில் ஃபைட்டர் உயிரோடிருப்பதைக் காட்டி, மற்ற மீனும் அப்படி இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆகவே, மீன்களின் எண்ணிக்கையை நிர்ணயிக்க வேண்டியது மேற்பரப்பு. வெப்பநாட்டு நன்னீர் மீன்களுக்கு, ஓர் அங்குல உடல் நீளத்துக்கு 12 சதுர அங்குல நீர்ப்பரப்பு என்பது மீன் வளர்ப்போரிடையே நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. கோல்டு பிஷ்ஷுக்கு இதில் இரண்டரை மடங்கு. இரண்டடித் தொட்டியின் பரப்பு 288 சதுர அங்குலம். எனவே மொத்தம் 24 அங்குல மீன். மூன்றங்குலம் வளரும் மோலி எட்டு. கோல்டு பிஷ்ஷோ, ஆறங்குலம் வளர்ந்துவிட்டால் ஒன்றே ஒன்று. உயரத்தை இரட்டிப்பாக்கி 108 லிட்டர் தொட்டியாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. அதே 108 லிட்டரை நான்கடி நீளமும் ஓரடி உயரமுமாகத் தாழ்த்தி அமைத்தால், பரப்பு இரு மடங்காகிறது. முன்கண்ணாடியைத் தள்ளும் விசை 108 கிலோவிலிருந்து 54 ஆகிறது. தரையின்மேல் சதுர மீட்டர்ப் பாரம் 600-லிருந்து 300 ஆகிறது. நீர் அதே நீர். சுவாசம் இரட்டிப்பு, சுமை பாதி.

அங்குலக் கணக்கிலும் ஒரு குறை இருக்கிறது. நீளத்தைக் கூட்டினால் உடல் அதன் கன விகிதத்தில் பெருக்கும். ஓர் அங்குல மீன் இருபத்து நான்கும், ஓரடி மீன் இரண்டும் அங்குலக் கணக்கில் ஒன்றே. ஒரே வடிவமுள்ளவை என்று கொண்டால், இரண்டாவது ஜோடியின் எடை முன்னவற்றின் மொத்த எடையைப்போல் 144 மடங்கு. பெரிய உடல் ஒவ்வொரு கிராமுக்கும் சற்றுக் குறைவாகவே பிராணவாயுவைச் செலவிடும் என்ற சலுகையைக் கழித்த பின்னும், அவற்றின் தேவை முப்பது மடங்கைத் தாண்டும். ஆகையால் இக்கணக்கு மூன்றங்குலத்துக்கு உட்பட்ட மீன்களுக்கே பொருந்தும். அளக்க வேண்டியதும் கடையில் காணும் குஞ்சின் நீளத்தை அன்று, முழு வளர்ச்சியின் நீளத்தை. ஷார்க் என்ற பெயரில் விரல் நீளத்தில் விற்கப்படும் கெளுத்தி இனம் ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. பாசி தின்னும் என்று சொல்லிக் கொடுக்கப்படும் சக்கர் ஒன்றரை அடியை எட்டும். கப்பியும் மோலியும் சிறியவையே. ஆனால் மாதந்தோறும் குஞ்சு ஈனும்.

சுவாசத்துக்கு அடுத்தது கழிவு. மீன்கள் தம் உடலில் சேரும் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே நீரில் விடுகின்றன. கடையில் வாங்கும் உலர்ந்த இரை ஒரு கிராமை மீன்கள் தின்றால், அதிலிருந்து ஏறத்தாழ 30 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் நீரில் சேரும். நாம் எடுத்துக்கொண்ட 43 லிட்டரில் பகிர்ந்தால், லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். இதில் எவ்வளவு பகுதி நஞ்சாக நிற்கும் என்பது நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. பி.எச். 7 அளவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. 8 ஆனால், 30 பாகை வெப்பத்தில், நூற்றில் ஏழரைப் பங்கு நஞ்சு. அதாவது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், செவுள்கள் பழுதுபடத் தொடங்குவதற்கு அவ்வளவே போதும். சிப்பித் துணுக்குகள் கலந்த கடற்கரை மணல் கெடுதல் என்று சொன்னது இதனால்தான்: சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து அது நீரைக் காரமாக்கிக்கொண்டே இருக்கும்.

இந்த நஞ்சை முறிப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றி, அந்த மாற்றத்திலேயே ஜீவிக்கும் நுண்ணுயிர்களை 1890-ஐ ஒட்டி ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். அவை நீரில் மிதப்பதைவிடக் கூழாங்கல்லின் மேலும், ஸ்பாஞ்ச் ஃபில்டரின் துளைகளிலும் ஒட்டி வாழ்வதையே விரும்புகின்றன. போதிய அளவு பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரங்கள் பிடிக்கும். புதுத் தொட்டியில் முதல் நாளே எட்டு மீன்களை விட்டவர், இரண்டு வாரத்துக்குள் அவற்றை ஒவ்வொன்றாக இழப்பதற்கு இதுவே காரணம்; அவரோ, கடைக்காரர் நோயுற்ற மீனைக் கொடுத்துவிட்டதாக நினைத்து வருந்துகிறார். ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் அலசுவதும் இதே கேட்டை விளைவிக்கும். குளோரின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும்.

லண்டனைச் சேர்ந்த ரசாயனி ராபர்ட் வாரிங்டன் 1850-இல், செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கி வாழும் சமநிலையைத் தம் சோதனையால் விளக்கினார். வீட்டு மீன்வளர்ப்பு விஞ்ஞானமாக மலர்ந்தது அதிலிருந்துதான். அவர் எடுத்துக்கொண்டது 12 காலன் கொள்ளளவுள்ள ஒரு கண்ணாடிக் கலம். ஆங்கிலக் காலன் கணக்கில் அது 54 லிட்டரைச் சற்றே தாண்டும், அதாவது நம் இரண்டடித் தொட்டியின் அளவேதான். அதில் வாலிஸ்னேரியா என்னும் நீர்ப்பூண்டை நட்டு, அவர் விட்டவை இரண்டே இரண்டு சிறு கோல்டு பிஷ்கள். அழுகிய இலைகளைத் தின்னக் குளத்து நத்தைகளையும் சேர்த்த பிறகுதான் நீர் தெளிந்தது. மோட்டாரும் பம்பும் இல்லாத அந்தக் கலத்தின் எளிமையை எண்ணும்போது, இன்று அதே அளவுத் தொட்டியில் இருபது மீன்களைத் திணிப்பது எனக்கு மனவருத்தத்தைத் தருகிறது. 1909-இல் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்ட நாளிலிருந்து, மீன்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்க்கும் ஆசை நம் மாநிலத்துக்கும் புதிதன்று; கணக்குத்தான் இன்னும் எல்லோரையும் வந்தடையவில்லை.

தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்த சக்கரையும் ஷார்க்கையும் கொல்ல மனமின்றி, ஏதாவது குளத்தில் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய இரக்கம் உண்மையானதே, விளைவுதான் விபரீதம். அண்டையிலுள்ள கேரளத்து நீர்நிலைகளில் சக்கர் மீன் வேரூன்றிவிட்டது. இங்கே நம் சுசீந்திரம் - தேரூர் ஈரநிலமோ, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றது. அங்கே இறங்கும் பறவைகளும், அவை உண்ணும் கெண்டையும் அயிரையும் உளுவையும், பழையாற்று நீரை நம்பி மணக்குடிக் காயல் வரையில் பரவியுள்ள ஜீவராசிகள். அந்நிய மீன் ஒன்று அங்கே பெருகிவிட்டால் திரும்ப எடுப்பதற்கு உபாயமில்லை. வளர்ந்துவிட்ட மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். பெரிய தொட்டி உள்ளவரிடம் சேர்க்கலாம்.

இரண்டடித் தொட்டி வாங்க நினைப்பவருக்கு நான் சொல்லக்கூடியது இது. கடலோரத்துக் கிணறுகளின் உப்புச்சாயலும் சுண்ணமும் உள்ள நீர் மோலிக்கு உகந்தது. ஆதலால் அங்குள்ளோர் மோலியில் தொடங்கலாம். குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்துக் குளோரினைப் போகவிட வேண்டும். ஃபில்டரை ஓடவிட்டு, முதலில் மூன்று மீன்களை மட்டும் விட்டு, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் இரை போட்டு, ஒன்றரை மாதம் கழித்து மேலும் மூன்றைச் சேர்க்கலாம். எட்டு என்ற கணக்கை எட்டாமல் ஆறோடு நிறுத்திக்கொண்டால், மின்சாரம் நின்ற இரவுக்கும் பிறக்கப்போகும் குஞ்சுகளுக்கும் இடம் மிச்சமிருக்கும். வாரத்துக்கு ஒரு முறை ஒரு வாளி, அதாவது பத்து லிட்டர் அளவு, பழைய நீரை ரப்பர்க் குழாயால் அடியிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே வெப்பமுள்ள புது நீரை மெல்ல ஊற்ற வேண்டும். வெளியே எடுத்த நீரில் நைட்ரேட் சேர்ந்திருப்பதால், அதைச் சாக்கடையில் கொட்டாமல் கொல்லையிலுள்ள வாழைக்கு ஊற்றலாம்.